கோசா, செபுவானோ: இரண்டு மொழிப்பெயர்களுக்குச் சொல் விளக்கம்

கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து மொழிப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனால் கோசா, செபுவானோ என்ற இரண்டு பெயர்களும் கண்ணில் படும். கோசா தென்னாப்பிரிக்காவின் ஆட்சிமொழிகளில் ஒன்று. சுமார் 80 லட்சம் பேருக்குத் தாய்மொழி. நெல்சன் மண்டேலாவுக்கும் அதுதான் தாய்மொழி. செபுவானோ பிலிப்பைன்ஸில் செபு, பொஹோல் தீவுகளிலும் மிண்டனாவோவின் பெரும்பகுதியிலும் பேசப்படுவது. அதைப் பேசுவோர் சுமார் 2 கோடிப் பேர். முன்னது ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பம், பின்னது பசிபிக், தென்கிழக்காசியத் தீவுகளில் பரவிய ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பம், உறவே கிடையாது. இந்த இரண்டு பெயர்களையும் தமிழில் எப்படி எழுதுவது என்பதில் குழப்பம் இருக்கிறது. பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் அது தெளியும்.

முதலில் கோசா. அந்த மக்கள் தங்கள் மொழியை ‘இசிகோசா’ என்பார்கள். ஒருவரைச் சொல்ல ‘உம்கோசா’, பலரைச் சொல்ல ‘அமாகோசா’. வேர்ச்சொல் அப்படியே நிற்க, முன்னொட்டு மட்டும் மாறுகிறது. ‘இசி’ என்ற முன்னொட்டு ஒரு மக்களின் மொழியையும் வழக்கத்தையும் குறிக்கும். ஆங்கிலம் அவர்களுக்கு ‘இசிங்கேசி’. உபுண்டு என்ற கணினி இயங்குதளத்தின் பெயரும் இதே முறையில் பிறந்ததுதான். ‘உம்ன்டு’ மனிதர், ‘அபன்டு’ மனிதர்கள், ‘உபுன்டு’ மனிதத்தன்மை. சுலு மொழிக்கும் கோசாவுக்கும் பொதுவான சொல் அது.

‘கோசா’ என்ற வேர் எங்கிருந்து வந்தது? அந்தப் பெயரில் ஆண்ட ஒரு முன்னோரைச் சிலர் சுட்டுகிறார்கள். பக்கத்தில் வாழ்ந்த கோய்கோய் மக்கள் ‘சினம் கொண்டவர்கள்’ என்ற பொருளில் வைத்த பெயர் என்பது இன்னொரு விளக்கம். எது சரியானாலும், கோய்கோய், சான் மக்களோடு கலந்து வாழ்ந்ததால்தான் கோசாவுக்குள் சொடுக்கொலிகள் வந்தன. அவை பாண்டு மொழிகளுக்குப் பொதுவான ஒலிகள் அல்ல.

சொடுக்கொலி என்றதும் மிரள வேண்டாம். ஐயோ பாவம் என்று நாம் உச்சுக் கொட்டுகிறோமே, அது ஒரு சொடுக்கொலி. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ‘டொக்’ என்று இழுத்தால் இன்னொன்று. வண்டி மாட்டை முடுக்கக் கன்னத்தோரம் நாக்கை இழுத்து எழுப்புகிற ஒலி மூன்றாவது. நமக்கு இவை உணர்ச்சிக் குறிப்புகளும் ஏவல்களும். அவர்களுக்கோ க, ச, ட போல மெய்யெழுத்துகள். 19ஆம் நூற்றாண்டில் அந்த மொழிக்கு ரோமன் எழுத்து அமைத்த மதபோதகர்கள், வேறு வேலையில்லாமல் கிடந்த சி, க்யூ, எக்ஸ் ஆகிய மூன்று எழுத்துகளை இந்த மூன்று ஒலிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மொழியின் பெயர் ரோமன் எழுத்தில் (Xhosa) எக்ஸில் தொடங்குவது அதனால்தான். அந்த இடத்தில் வர வேண்டியது மூன்றாவது ஒலி, கூடவே கொஞ்சம் மூச்சு.

இதை அறியாமல் எழுத்தை மட்டும் பார்த்துத்தான் சோசா, ஸோசா, க்ஸோசா என்றெல்லாம் எழுதிவிடுகிறோம். தமிழில் அந்த ஒலிக்கு எழுத்து இல்லை. சொடுக்கத் தெரியாத வெளியார் ககரம் போட்டுச் சொல்வதுதான் உலக வழக்கம். அதனால் ‘கோசா மொழி’ என்பதே சரி என்பேன். ‘இசிகோசா மொழி’ என்று எழுதினால் மொழி என்பதை இரண்டு முறை சொன்னதாகிவிடும்.

அப்புறம் செபுவானோ. இது ஸ்பானியர் வைத்த பெயர். செபு தீவின் பழைய பெயர் சுக்பு. 1521இல் கடலோடி மகெல்லனின் கப்பல்கள் அங்கே கரை சேர்ந்தன. உடன் வந்த பிகாபெட்டா என்ற இத்தாலியர், அந்த ஊர் மக்களின் சொற்களைக் கேட்டுப் பட்டியலாக எழுதி வைத்தார். அந்த மொழிக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துப் பதிவுகளில் ஒன்று அது. சுக்பு என்ற பெயர் ஸ்பானியர் வாயில் செபு ஆனது. ‘ஆனோ’ என்பது ‘அவ்வூரைச் சேர்ந்த’ என்று பொருள்படும் ஸ்பானியப் பின்னொட்டு.

பேசுகிறவர்கள் அதை ‘பிசாயா’ அல்லது ‘பினிசாயா’ என்கிறார்கள். ‘பினிசாயா’வில் ‘இன்’ என்ற ஒட்டு சொல்லின் நடுவே, முதல் மெய்யை அடுத்து நுழைந்திருக்கிறது. இதைத் தமிழில் உள்ளொட்டு எனலாம். தமிழில் சொல்லின் பின்னால்தான் ஒட்டிக்கொண்டே போவோம். வேரைப் பிளந்து உள்ளே நுழைவது நமக்குப் புதுமை. அவர்களின் சமையலறையில் இது நன்றாக விளங்கும். ‘சுக்பா’ என்றால் தணலில் சுடுவது, ‘சினுக்பா’ என்றால் சுட்ட மீனோ இறைச்சியோ. அதாவது, ‘அப்படிச் செய்யப்பட்டது’ என்ற பொருளை உள்ளொட்டு தருகிறது. ஆகவே ‘பினிசாயா’ என்பது பிசாயா முறையில் சொல்லப்பட்டது. ‘சுக்புவானோன்’ செபுக்காரர், ‘சினுக்புவானோன்’ அவர் பேச்சு. கோசா வேருக்கு முன்னால் ‘இசி’ போட்டுச் செய்யும் வேலையை, இவர்கள் வேருக்குள் ‘இன்’ போட்டுச் செய்துகொள்கிறார்கள்.

சரி, தமிழில் எதை எழுதுவது? நம் வழக்கப்படி ‘செபு மொழி’ என்றாலே பொருள் முழுமையாக வந்துவிடும். ஸ்பானியப் பின்னொட்டை நாம் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் செபுவுக்கு வெளியே, பொஹோலிலும் மிண்டனாவோவிலும், இதே மொழியைப் பேசும் பலருக்கு ஒரு தீவின் பெயரால் தங்கள் பேச்சு அழைக்கப்படுவது பிடிப்பதில்லை. ‘பிசாயா’ என்று பொதுவாக எழுதலாமா என்றால், ஹிலிகாய்னோன், வாராய் போன்ற உறவு மொழிகளுக்கும் அந்தப் பெயர் பொருந்துவதால் குழப்பம் வரும். கட்டுரையிலும் பட்டியலிலும் ‘செபுவானோ மொழி’ என்று எழுதி, முதல் முறை வரும்போது ‘பேசுவோர் வழக்கில் பிசாயா’ என்று சேர்ப்பதையே நான் விரும்புகிறேன். அந்த ஊர்க்காரரிடம் நேரில் பேசும்போது ‘பிசாயா’ என்றே சொல்லுங்கள்.