மேகாலயக் குகைக் கல்லில் ஒரு வறட்சி

உலகிலேயே அதிக மழை கொட்டும் இடங்களில் ஒன்று சிரபுஞ்சி. அதன் அருகிலுள்ள மாவ்ம்லு குகையில் எடுத்த ஒரு கல்லோ, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை பொய்த்ததைச் சொல்கிறது. அந்தக் கல்லை வைத்துத்தான் 2018-ல் சர்வதேச நிலவியல் அறிவியல் ஒன்றியம், நாம் வாழும் காலகட்டத்துக்கு ‘மேகாலயன்’ என்று பெயர் சூட்டியது. நிலவியல் காலத்தின் எல்லையைக் குகைப் படிவில் குறித்தது அதுவே முதல்முறை.

கல் எப்படி மழையைப் பதிவு செய்கிறது? மழைநீர் மண்ணில் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு அதில் கலந்து, நீர் லேசான அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு குகைக் கூரையில் கசிகிறது. குகைக்குள் வந்ததும் வாயு வெளியேறிவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி திடப்பொருளாகப் படிகிறது. நீர் ஆவியாகி மிஞ்சும் படிவு என்று இதை நினைத்துவிடக் கூடாது. ஈரப்பதம் நிறைந்த குகையில் ஆவியாவது மிகக் குறைவு. துளி விழும் இடத்தில் தரையிலிருந்து ஒரு தூண் எழுகிறது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும்.

படியும் ஒவ்வோர் அடுக்கிலும் அந்தக் காலத்து நீரின் ஆக்சிஜன் சிக்கிக்கொள்கிறது. ஆக்சிஜனில் எடை குறைந்த 16, எடை கூடிய 18 என வகைகள் உண்டு. மேகம் பொழியும்போது கனமான வகை முந்திக்கொண்டு இறங்கிவிடும்; பொழியப் பொழிய, மேகத்தில் மிஞ்சும் ஈரத்தில் அது குறைந்துகொண்டே போகும். ஆகவே பருவமழை வலுத்த காலத்து அடுக்கில் 18-இன் பங்கு குறைந்தும், தளர்ந்த காலத்தில் கூடியும் இருக்கும்.

இவற்றைவிட எனக்கு வியப்பூட்டுவது, கல்லுக்குள் இருக்கும் கடிகாரம்தான். யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கிட்டத்தட்டக் கரையாது. எனவே புதிதாகப் படிந்த அடுக்கில் யுரேனியம் மட்டுமே இருக்கும். யுரேனியம்-234 சிதைந்து தோரியம்-230 ஆகச் சேரச் சேர, இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது கிடைத்துவிடும். கார்பனின் சிதைவை வைத்து வயதைக் கணிக்கும் ரேடியோ கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டுகளோடு கைவிரித்துவிடும். இந்த யுரேனியம்-தோரியம் முறையோ ஆறு லட்சம் ஆண்டுகளைத் தாண்டியும் போகும். 2016-ல் சீனக் குகைப் படிவுகளிலிருந்து ஆசியப் பருவமழையின் 6,40,000 ஆண்டு வரலாற்றைத் தொகுத்திருக்கிறார்கள். இதற்குச் சுத்தமான கல் வேண்டும். சேறு கலந்திருந்தால் அது வெளியிலிருந்து தோரியத்தைக் கொண்டுவந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

கல் தரும் தேதியை நம்பலாம். மழைக் கணக்கைத்தான் விசாரித்து ஏற்க வேண்டும். மேகாலயத்தில் பெய்யும் மழையை இன்று சோதித்தால், ஆக்சிஜன் விகிதம் அங்கே பெய்த அளவை மட்டும் காட்டுவதில்லை. ஈரம் எந்தக் கடற்பரப்பிலிருந்து வந்தது, எவ்வளவு தூரம் பயணித்தது என்பதும் அதில் கலந்திருக்கிறது. பெருவெள்ளத்தோடு ஆறுகள் வங்கக் கடலில் கொட்டும் நன்னீர்கூட அந்த விகிதத்தை மாற்றுகிறது.

அதே குகையின் வேறொரு கல்லை ஆண்டு வாரியாக ஆராய்ந்தபோது, ஒரே நீண்ட வறட்சிக்குப் பதிலாக, சில பத்தாண்டுகள் நீடித்த வறட்சிகள் விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. ஹரப்பா நகரங்களை இந்த வறட்சிதான் காலி செய்தது என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காலம் ஏறக்குறையப் பொருந்துகிறது. அதுவே காரணத்துக்குச் சான்று ஆகிவிடாது. இப்போது ஆய்வாளர்கள் குகைகளில் சொட்டும் நீரைச் சேகரித்தும், துளிக்கு அடியில் கண்ணாடித் தகடு வைத்து அதில் படியும் சுண்ணாம்பைச் சோதித்தும், வெளியே பெய்த மழையோடு ஒப்பிட்டு வருகிறார்கள்.