போரடிக்கிறது என்றால் சலிப்பு அல்ல

செல்போன் காலத்துப் பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தமிழில் எந்தக் கட்டுரையை எடுத்தாலும், "பிள்ளைகள் சலிப்படைய வேண்டும், சலிப்பு நல்லது" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. வேலூர்ப் பக்கம் பெற்றோர் கூட்டங்களில் பேச வருகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். காட்பாடியில் அப்படி ஒரு கூட்டத்தில் பக்கத்தில் இருந்த பாட்டி, "கொழந்த எதுக்குங்க சலிச்சிப் போவணும்? நல்லா இருக்கட்டுமே" என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. தப்பு மொழிபெயர்ப்பில் இருக்கிறது, 'போரடிக்கிறது' என்பதைச் 'சலிப்பு' என்று எழுதிவிடுகிறார்கள்.

'போரடிக்கிறது' என்பதில் உள்ள 'போர்' ஆங்கில 'bore'-இலிருந்து வந்தது. அங்கேயே 18-ஆம் நூற்றாண்டில்தான் இந்தப் பொருளில் புழங்கத் தொடங்கியது. தமிழுக்கு வந்ததும் வெயில் அடிக்கிறது, வாடை அடிக்கிறது என்பதுபோல 'அடி'யைச் சேர்த்துக்கொண்டது. அவ்வளவுதான்.

சிலர் இதைக் களத்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். மாடு கட்டிப் போரடிப்பது, அதாவது கதிரை மாடுகளை விட்டு மிதிக்கவைத்து நெல்லைப் பிரிப்பது, சுற்றிச் சுற்றி வரும் வேலை, அதிலிருந்து பிறந்ததுதான் 'போரடிக்கிறது' என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, இலக்கணம் இடம் கொடுக்கவில்லை. களத்தில் உழவர் போரடிக்கிறார், செய்பவர் அவர். இங்கேயோ 'எனக்கு'ப் போரடிக்கிறது. நான் எதுவும் செய்யவில்லை. அதோடு, நெல் வீட்டுக்கு வருகிற நாளைப் பொழுது போகாத நாள் என்று எந்த உழவரும் சொல்லமாட்டார். ஆங்கிலச் சொல் ஒன்றைத் தமிழாக்கிக் காட்டும் ஆசையில் நம் நல்ல சொல் ஒன்றைக் கெடுக்க வேண்டாம்.

சரி, சலிப்புக்கு வருவோம். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது, தின்று தின்று சலித்துவிட்டது, அலைந்து அலைந்து சலித்துவிட்டது. கவனியுங்கள், முன்னால் ஒரு வினை இரட்டித்து நிற்கிறது. அப்படி நிற்காத இடத்திலும் அந்தப் பொருள் உள்ளே இருக்கும். ஒன்று பலமுறை நடந்து, போதும் போதும் என்று ஆன பிறகே சலிப்பு வரும். 'பொழுது போகவில்லை' என்பதற்கு முன்னால் அப்படி எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. எதுவும் நடக்காததுதான் அங்கே குறையே.

அலுப்பு வேறு. எங்கள் வட ஆர்க்காட்டில் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேடம் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். அடுத்த படியில் காலை வைக்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இன்று நாம் பத்து வீடியோவைத் தள்ளிவிடுவோம். கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே இருப்பார்கள், கதை தெரியாதவர் ஒருவரும் கிடையாது. விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு, காலையில் "ஒடம்பு அலுப்பா இருக்குது" என்பார்களே தவிர, பாரதம் சலித்துவிட்டது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது புத்தகத்துக்கு வாருங்கள். இரண்டாம் பக்கத்திலேயே மூடிவைத்துவிட்டு "போரடிக்குது" என்கிறவருக்கு வந்தது சலிப்பா? அவர் இன்னும் படிக்கவே தொடங்கவில்லையே. அதற்கு 'மனம் ஒட்டவில்லை' என்ற சொல் வீட்டிலேயே இருக்கிறது. அதே ஆள் புத்தகத்தை வைத்துவிட்டு போனை எடுத்து, தள்ளித் தள்ளிப் பார்த்துக் கண் எரிந்து கீழே வைக்கிறாரே, அதுதான் சலிப்பு. பொழுது போகாமை, மனம் ஒட்டாமை, சலிப்பு என்று மூன்று தனித்தனி நிலைகள். மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டு "சலிப்பு நல்லது" என்றால், கெடுதலையே நல்லது என்று சொன்னதாகிவிடுகிறது. "பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் பொழுது போகாமல்தான் இருக்கட்டுமே, அவர்களே ஏதாவது செய்வார்கள்" என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் பாட்டியும் தலையாட்டுவார்.

அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. இதுதான் என் வருத்தம். 'சலிப்படைகிறேன்' என்று எந்த ஊர்ப் பிள்ளையாவது அம்மாவிடம் சொல்லுமா? 'கவனம் செலுத்துவதில் சிரமம் கொண்டுள்ளான்' என்பதும் இதே வழியில் வந்ததுதான். 'எதிலும் மனசு நிற்கவில்லை' என்றால் யாருக்குப் புரியாது?

பேச்சில் 'போரடிக்குது' இருந்துவிட்டுப் போகட்டும், வழக்கில் ஊறிவிட்டது. எழுத்தில் வினையாக வரும்போது 'பொழுது போகவில்லை', பெயராக வரும்போது 'பொழுதுபோகாமை'. நீளமாக இருக்கிறது என்று ஒரு நண்பர் குறை சொன்னார். பொழுதுபோக்கு என்று நாளிதழ்கள் தினமும் அச்சிடுகின்றன, அது நீளம் என்று யாரும் சொல்லக் காணோம். அதற்கு எதிரான நிலைக்கும் அதே 'பொழுது' இருப்பதுதானே முறை.