குமிழின் ஒரு பக்கம் மட்டும் ஏன் சொரசொரப்பு?

தண்டையார்பேட்டையில் கடைசல் பட்டறை (கட்டையைச் சுழலவிட்டு உளியால் சீவும் இடம்) வைத்திருக்கும் வாசகர் ஒருவர், தேக்குக் கட்டில் காலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். காலில் உருண்டையாகப் புடைத்திருக்கும் குமிழின் வலது சரிவு வழவழவென்று மின்னுகிறது. இடது சரிவு பூனை நாக்கு. ஒரே கட்டை, ஒரே உளி. "மரத்துல தோஷம்னு மாமனார் சொல்றார், நிஜமா சார்?"

மாமனார் மன்னிக்கணும், கோளாறு உளி போன திசையில்.

மரம் என்பது நார்களின் கட்டு. கட்டில் காலில் அவை நீளவாக்கில் படுத்திருக்கும். ஒரு நாரை இழுத்து அறுப்பது கடினம். பக்கத்து நாரிடமிருந்து பிரிப்பது சுலபம். விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும்.

சரி, ஒரு பென்சிலை பிளேடால் சீவுங்கள். தடித்த பக்கத்திலிருந்து கூர்முனையை நோக்கிப் போனால் சுருள் சுருளாக வரும். கூர்முனையிலிருந்து மேலே தள்ளினால் பிளேடு உள்ளே பாய்ந்து சிம்பு சிம்பாகப் பெயர்க்கும். ஏன்? சரிவில் இறங்கும்போது, அறுபடுகிற ஒவ்வொரு நாருக்கும் அடியில் அதைவிட நீண்ட நார் ஒன்று முட்டுக்கொடுத்து நிற்கிறது. வளைய இடமில்லாததால் நார் அங்கேயே அறுந்துவிடும். ஏறும்போது பிளேடின் கூர், நாரின் நுனியில் முட்டி அடியில் புகுந்து தூக்குகிறது. மேலிருந்து அமுக்கிப் பிடிக்க எதுவும் இல்லை, நார் கிழிகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

நம் வாசகர் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் குமிழைக் கடந்திருக்கிறார். இடப்பக்கம் ஏற்றம், வலப்பக்கம் இறக்கம். உச்சியிலிருந்து இரு பக்கமும் தனித்தனியாக இறங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று, உளியை நேராகக் குத்தக் கூடாது. முதலில் அதன் தீட்டிய சரிவு மரத்தில் உரசட்டும், அப்புறம் பிடியை மெல்ல உயர்த்தினால் கூர் கடிக்கத் தொடங்கும். பின்னால் உரசும் அந்தச் சரிவுதான் கூர் ஆழமாகப் பாயாமல் தாங்குகிறது. நீளச் சீவல் வந்தால் உளி அறுக்கிறது. தூளாகக் கொட்டினால் சுரண்டுகிறது.

 

உப்புத்தாளுக்கும் இதே நார்க்கணக்குதான். கட்டை சுழலும்போது தேய்த்தால் கீறல்கள் நாருக்குக் குறுக்கே விழும். பாலிஷ் போட்டதும் வளையம் வளையமாகத் தெரியும். கடைசித் தேய்ப்புக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு, கையால் நீளவாக்கில் தேயுங்கள்.