முதல் அழுகைக்கு முந்தைய மணிநேரங்கள்

மும்பை தாராவியில் பிரசவம் பற்றிப் பேச்செடுத்தால், “பிறந்ததும் அழுததா?” என்பதுதான் முதல் கேள்வி. அழவில்லை என்றால் காரணமும் தயாராக இருக்கும்: கொடி சுற்றியிருந்தது. கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்ற நம்பிக்கை திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்து தொண்ணூறடிச் சாலையிலும் குடியிருக்கிறது. மாமன்கள் கவலைப்பட வேண்டாம். ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தை கழுத்தில் கொடியோடுதான் பிறக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு எந்தக் கெடுதலும் நேர்வதில்லை. பிரசவத்தின்போது ஆக்சிஜன் குறைந்து மூளை பாதித்த குழந்தை அழாததற்கான காரணம் பல நேரம் பிரசவ வலியின் போக்கிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு வலியிலும் கருப்பை இறுகி, நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்களை நெரிக்கிறது. வலி தளர்ந்ததும் ஓட்டம் மீள்கிறது. முங்குநீச்சல் அடிப்பவர் இடையிடையே தலைதூக்கி மூச்சு வாங்குவதுபோல, சிசுவும் இந்த இடைவெளிகளில் ஈடுசெய்துகொள்கிறது. பிரசவ வலியைக் கூட்டப் போடும் வலி ஊசி அளவு மீறி, பத்து நிமிடத்தில் ஐந்து வலிக்கு மேல் வந்தால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். தாயின் இரத்த அழுத்தக் கோளாறால் நஞ்சுக்கொடி முன்பே நலிந்திருந்தால், சாதாரண வலியைக்கூட சிசு தாங்காது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தாலோ, தொப்புள்கொடி தலைக்கு முன்னால் நழுவி வந்தாலோ நிமிடங்கள்தான் அவகாசம்.

ஆக்சிஜன் வற்றியதும் மூளைச் செல்லின் ஆற்றல் தீர்கிறது. உப்பை வெளியேற்றும் பம்புகள் நிற்க, சோடியமும் பின்னாலேயே நீரும் புகுந்து செல் வீங்குகிறது. மூளைச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் வெளியே குவிந்து, கால்சியத்தை உள்ளே திறந்துவிடுகிறது. குழந்தையை மீட்டு மூச்சு வரவழைத்த பிறகு பல செல்கள் தேறியதுபோலத் தெரியும். இந்த அமைதியை நம்பக் கூடாது. சில மணிநேரம் கழித்து செல்லின் ஆற்றலில் இரண்டாம் சரிவு தொடங்குகிறது. வலிப்பு பெரும்பாலும் அப்போதுதான் வரும். அதுவும் கை கால் வெட்டி இழுப்பதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. உதட்டைச் சப்புவது, சைக்கிள் மிதிப்பதுபோலக் காலை ஆட்டுவது, ஒரே பக்கம் நிலைகுத்திப் பார்ப்பது போன்றவையும் வலிப்பாக இருக்கலாம். “பால் கேட்கிறான்” என்று பாட்டி சொல்வதும் இதே உதட்டசைவைப் பார்த்துத்தான்.

இரண்டு சரிவுகளுக்கும் நடுவே உள்ள நேரத்தைப் பிடிக்கத்தான் குளிர்விக்கும் சிகிச்சை வந்தது. பிறந்த 6 மணிநேரத்துக்குள் தொடங்கி, குளிர்ந்த நீரோடும் விரிப்பில் கிடத்தி, உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸ் அளவில் 72 மணிநேரம் வைத்திருப்பார்கள். பணக்கார நாடுகளில் இது மரணத்தையும் ஊனத்தையும் குறைத்தது. இங்கும் அதே பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கையை 2021இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வு கலைத்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்த இந்த ஆய்வில் தாராவிக்குப் பக்கத்திலுள்ள சயான் மருத்துவமனையும் சேர்ந்திருந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 விழுக்காட்டினர் இறந்தனர். குளிர்விக்காதவர்களில் 31 விழுக்காடு.

ஏன் இப்படி? நம் பகுதியில் பல குழந்தைகளுக்குப் பாதிப்பு பிறப்புக்கு வெகுநேரம் முன்பே மெல்ல மெல்லத் தொடங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அப்படியானால் பிறந்த பிறகு எண்ணும் 6 மணிநேரம் ஏற்கெனவே காலாவதியானது. எனக்கு இந்த விளக்கம் பொருத்தமாகவே படுகிறது.

ஆகவே கவனம் பிரசவ அறைக்குத் திரும்புகிறது. வலி கூடியபின் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும். வலி இறங்கிய பிறகும் விடாமல் கேட்க வேண்டும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டிய துடிப்பு வலிக்குப் பின் தாழ்ந்து, மீளத் தாமதித்தால், முதலில் நிறுத்த வேண்டியது வலி ஊசியைத்தான்.