ஜி1000 பழக வீட்டு சிமுலேட்டர் எவ்வளவு தூரம் உதவும்?

சின்ன விமானங்கள்ல 2004ல இருந்து கார்மின் கம்பெனியோட ஜி1000ங்கற ஸ்கிரீன் கருவி வர ஆரம்பிச்சதும் முள்ளு ஆடுற ரவுண்டு மீட்டர் எல்லாம் போய் ரெண்டு பெரிய ஸ்கிரீன் வந்துடுச்சு, இடது பக்கம் பிஎஃப்டி, அதுல வேகம், உயரம், சாய்வு, வலது பக்கம் எம்எஃப்டி, அதுல மேப், இன்ஜின் விவரம். பாக்க ஈசிதான். ஆனா எந்த வேலை எந்த மெனுவுக்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு ஒரு நிமிஷம் தேடினா அதுக்குள்ள விமானம் அதுபாட்டுக்கு ரெண்டு மைல் போயிடும்!

வீட்டு சிமுலேட்டர்ல விமானத்த அப்படியே நிறுத்தி வச்சிட்டு நிதானமா தேடலாம், எனக்கு அதுதான் பெரிய விஷயமா படுது. எக்ஸ்-பிளேன், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ரெண்டுலயும் ஜி1000 இருக்கு.

முதல்ல பழக வேண்டியது சிடிஐ சாஃப்ட்கீ, அதாவது பிஎஃப்டிக்கு கீழ இருக்குற, ஊசி எந்த சிக்னல காட்டணும்னு மாத்துற பட்டன். நடுவுல இருக்குற ஊசி மெஜந்தா கலர்ல இருந்தா ஜிபிஎஸ் சொல்ற பாதை, பச்சையா இருந்தா தரையில இருக்குற வழிகாட்டி ரேடியோவோட சிக்னல், அது விஓஆரா இருக்கலாம், இல்ல ரன்வேக்கு நேரா காட்டுற லோக்கலைசரா இருக்கலாம். ஐஎல்எஸ்ல, அதாவது ரேடியோ சிக்னல பிடிச்சு ரன்வேல, இறங்கும்போது ஊசி தானா பச்சைக்கு மாறும்னு நம்பி விட்டுட்டா, ஃப்ரீக்வென்சி சரியா போடாதப்போ மெஜந்தாவுலயே நிக்கும், ஊசி நேரா நடுவுல இருக்கும், ஆனா நாம ஃபாலோ பண்றது ஐஎல்எஸ்ஸே கிடையாது. இத வீட்ல உக்காந்து திரும்பத் திரும்ப செஞ்சு பாத்தா கண்ணு தானா கலரைத் தேட ஆரம்பிச்சிடும்.

அடுத்தது கோளாறு. அமெரிக்காவுல விபத்துகள விசாரிக்கிற என்டிஎஸ்பி 2010ல சின்ன விமானங்கள வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, கிளாஸ் காக்பிட், அதாவது மீட்டருக்குப் பதிலா ஜி1000 மாதிரி ஸ்கிரீன், இருக்குறதுல மொத்த விபத்து வீதம் குறைவு, ஆனா உயிர் போற விபத்தோட வீதம் அதிகம். விமானத்துல பாதுகாப்பா பழக முடியாத கோளாறுகள சிமுலேட்டர்ல பழக்கணும்னும் அவங்க சொன்னாங்க. எக்ஸ்-பிளேன்ல பிஎஃப்டிய மட்டும் செத்துப்போக வைக்கலாம். ஸ்கிரீன் கருப்பாகும், உடனே ரெண்டு ஸ்கிரீனுக்கும் நடுவுல இருக்குற சிவப்பு பட்டன அமுக்கணும், அமுக்கினா வேகம், உயரம் எல்லாம் எம்எஃப்டிக்கு வந்துடும், இன்ஜின் விவரம் ஒரு ஓரத்துல ஒட்டிக்கும். சாய்வ கணக்கு போடுற ஏஹெச்ஆர்எஸ் போச்சுன்னா கதை வேற, எந்த ஸ்கிரீன்ல பாத்தாலும் சாய்வு காட்டுற இடத்துல சிவப்பு எக்ஸ்தான் வரும், அப்போ அவசரத்துக்குன்னு தனியா வச்சிருக்குற ஸ்டாண்ட்பை மீட்டர பாத்து ஓட்டணும். எது போச்சுங்கறத பொறுத்து கை எங்க போகணும்னு தெரியறதுதான் இங்க பயிற்சியே.

குமிழ மவுஸால திருப்பினா கைப்பழக்கம் வராது. பக்கம் மாத்தவும் போற வழிய போடவும் இருக்குற எஃப்எம்எஸ் குமிழ் பெருசுக்குள்ள சின்னதுன்னு ரெண்டு அடுக்கு, உள்ள அமுக்கினா கர்சர் வரும், அதனால காசு இருந்தா நிஜ குமிழ் வச்ச பேனல் வாங்குறது நல்லது. சாதாரண வீட்டு கம்ப்யூட்டர்ல பறந்த நேரத்த அமெரிக்காவுல பைலட்டோட லாக்புக்ல பயிற்சி நேரமா ஏத்த முடியாது, அதுக்கு அங்க விமானத்துறைய கட்டுப்படுத்துற எஃப்ஏஏ அங்கீகரிச்ச கருவி வேணும். இன்னொன்னு, ரொம்ப நாள் வீட்லயே பழகினவங்க நல்ல வெயில்லயும் ஸ்கிரீனையே முறைச்சு பாத்துட்டு இருப்பாங்க, எதிர்ல வர்ற விமானத்த கவனிக்க மாட்டாங்க, அத மாத்த கொஞ்ச நேரம் ஸ்கிரீன மூடி வச்சிட்டு வெளிய பாத்து ஓட்டச் சொல்ற பயிற்சியாளர்தான் வேணும்.