பேருந்தைப் போகவிட்ட பெண்: சத்தமில்லாத காதல் படங்கள் மனதில் எப்படி வேலை செய்கின்றன

மாலை ஆறேகால். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் நிற்கிறாள். படம் தொடங்கி நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. அவளும், அதே நிறுத்தத்தில் தினமும் ஏறும் ஒருவரும் இதுவரை பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். இன்று அவர் இன்னும் வரவில்லை. பேருந்து வருகிறது. நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குகிறாள். தோள் வரை வந்த கை ஒரு கணம் நிற்கிறது. பிறகு முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு இறங்குகிறது. பேருந்து போய்விடுகிறது. அவ்வளவுதான் காட்சி.

இது எந்தப் படத்திலும் வந்ததல்ல, இந்தக் கட்டுரைக்காக நானே யோசித்தது. ஆனால் இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அந்தக் கை இறங்கும் இடத்தில் நெஞ்சுக்குள் ஏதோ நகரும் என்று தெரியும். காதல் படங்களில் எனக்குப் பிடித்தவை இவைதான். கணக்கு எழுதுகிறவர், தையல் வேலை செய்கிறவர், இனி இவருக்குக் கல்யாணம் எங்கே என்று சுற்றியிருப்பவர்கள் முடிவுகட்டிவிட்டவர், இப்படி யாரோ இரண்டு பேர். காதலைச் சொல்ல அவர்களுக்கு வசனம் வராது. நாயகன் யாரையும் அடிப்பதில்லை, யாரும் விமான நிலையத்துக்கு ஓடுவதில்லை.

"ஒண்ணுமே நடக்கலையே" என்று என்னோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் நடக்காத படம் ஏன் இரண்டு நாள் ஆனாலும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது? அதைத் தேடப்போய் உளவியல், நரம்பியல் ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. இந்தப் படங்களில் வரும் காதலில் பெரும்பகுதி திரையில் இருப்பதில்லை. பார்ப்பவரின் மூளைதான் அதை உண்டாக்குகிறது. படம் செய்வதெல்லாம் அதற்கு இடமும் நேரமும் கொடுப்பது.

முதலில், படத்துக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் ஒரு பழைய பரிசோதனை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த எர்ன்ஸ்ட் வெபர் என்ற உடலியல் அறிஞர், ஒரு பொருளின் எடை கூடியிருப்பது கைக்கு எப்போது தெரிகிறது என்று சோதித்துப் பார்த்தார். 1834-இல் வெளியான அவருடைய முடிவு இது: எடை சுமார் நாற்பதில் ஒரு பங்கு கூடினால்தான் கை அதை உணர்கிறது. அதாவது ஒரு கிலோ வைத்திருக்கும் கைக்கு 25 கிராம் கூடினாலே தெரிந்துவிடும். பத்துக் கிலோ தூக்கியிருக்கும் கைக்கு அதே 25 கிராம் தெரியவே தெரியாது, 250 கிராம் வேண்டும். ஜெர்மன் அறிஞர் குஸ்தாவ் ஃபெக்னர் 1860-இல் இதை ஒரு கணிதச் சமன்பாடாகவே எழுதிவிட்டார். ஒளிக்கும் ஒலிக்கும்கூட இது பெருமளவு பொருந்துகிறது. இருட்டறையில் ஏற்றிய மெழுகுவத்தி அறையையே மாற்றிவிடும். அதையே உச்சிவெயிலில் ஏற்றினால், சுடர் எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.

வெபர் காதலை அளக்கவில்லை. இந்த விதியைத் திரைப்படத்துக்குக் கொண்டுவருவது என் வாசிப்புதான். ஆனாலும் பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். அந்தக் காட்சிக்கு முன்னால் இரண்டு சண்டை, ஒரு பாட்டு, ஒரு விபத்து வந்திருந்தால், பாதியில் இறங்கிய கை யார் கண்ணிலும் பட்டிருக்காது. இங்கே நாற்பது நிமிடமாக யாரும் குரலை உயர்த்தவில்லை. கேமரா அவசரப்படவில்லை. பின்னணி இசை இருக்கும் இடமே தெரியவில்லை. நம் கையில் இருந்த எடையை அந்த நாற்பது நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்துவிட்டது. அதனால்தான் 25 கிராம் கனக்கிறது. "ஒண்ணுமே நடக்கலையே" என்று நண்பர்கள் சொன்ன நாற்பது நிமிடத்தின் வேலையே அதுதான்.

இந்தப் படங்களின் நல்ல காட்சி ஒன்றைத் தனியாக வெட்டி நண்பருக்கு அனுப்பினால் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது. காட்சியில் குறை இல்லை. அவர் கையில் இன்னும் பத்துக் கிலோ இருக்கிறது, அவ்வளவுதான். அதே காரணத்தால், நடுவில் நாலு தடவை போனை எடுத்துப் பார்க்கிறவருக்கும் இந்தப் படங்கள் பிடிபடுவதில்லை.

சரி, கை இறங்கியபோது அவள் முகத்தில் என்ன இருந்தது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. கண்ணீர் இல்லை, புன்னகை இல்லை, சும்மா சாலையைப் பார்க்கிறாள். ஆனாலும் அவள் அவருக்காகக் காத்திருக்கிறாள், அதை ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுகிறாள் என்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது.

எங்கிருந்து தெரிகிறது என்பதற்கு விடை, சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் நடந்த ஒரு சோதனையில் இருக்கிறது. லெவ் குலேஷவ் என்ற இயக்குநர், இவான் மோஸ்ஜூகின் என்ற நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்துக்கொண்டார். அந்த ஒரே ஷாட்டை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், வேறொரு காட்சியோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். மூன்றாவது காட்சி ஒரு குழந்தை என்றும், ஒரு பெண் என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. மூலப்படம் இப்போது இல்லை. குலேஷவின் மாணவரான புதோவ்கின் எழுதி வைத்ததிலிருந்துதான் இதை முக்கியமாக அறிகிறோம். சூப்பைப் பார்க்கும் முகத்தில் பசியையும், சவப்பெட்டியைப் பார்க்கும் முகத்தில் துயரத்தையும் கண்டு, என்ன அருமையான நடிப்பு என்று பார்வையாளர்கள் பாராட்டினார்களாம். முகம் ஒன்றேதான். பசியையும் துயரத்தையும் கொண்டுவந்தவர்கள் அவர்களே.

இது வெறும் சினிமாக் கதையாக நின்றுவிடவில்லை. 2006-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஒரே மாதிரியான முகங்களைச் சந்தோஷமான காட்சிகளோடும் வருத்தமான காட்சிகளோடும் சேர்த்து, மூளை ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களுக்குக் காட்டினார்கள். காட்சிக்கு ஏற்ப அவர்கள் முகத்தை மதிப்பிட்ட விதம் மாறியது, மூளையின் செயல்பாடும் மாறியது. இன்னும் ஒரு படி கீழே போனால், முகமே தேவையில்லை. 1944-இல் உளவியலாளர்கள் ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் அங்குமிங்கும் நகரும் சிறு அசைபடம் ஒன்றைக் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று 34 பேரிடம் கேட்டார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அந்த உருவங்களை உயிருள்ளவையாகவே விவரித்தார்கள். துரத்தல், பயம், காதல் எல்லாம் அந்த மூன்று உருவங்களுக்குள் வந்துவிட்டன. அடுத்த உயிரின் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று ஊகிக்காமல் நம்மால் இருக்க முடிவதில்லை.

அழுது காட்டும் நடிகர், தன் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறார். நாம் அதைக் கேட்டுக்கொள்கிறோம். சும்மா சாலையைப் பார்க்கும் பெண் எதையும் சொல்வதில்லை, நாம்தான் உள்ளே போய்த் தேட வேண்டியிருக்கிறது. தேடப் போகும்போது நாம் காத்திருந்த மாலைகளையும் கையோடு எடுத்துப் போகிறோம்.

இங்கே ஒரு விஷயத்தில் பல இயக்குநர்கள் தவறு செய்வதாக நினைக்கிறேன். வெறுமையான முகத்தை நீண்ட நேரம் காட்டினாலே ஆழம் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். குலேஷவின் முகம் வேலை செய்ததற்குக் காரணம் பக்கத்தில் இருந்த சூப். முன்னாலும் பின்னாலும் எதையும் வைக்காமல் முகத்தை மட்டும் நீட்டினால், நிரப்ப நம்மிடம் ஒன்றும் இருக்காது. அது மெதுவான படம், அவ்வளவுதான். பேருந்து நிறுத்தக் காட்சிக்கு முன்பு அவர் அவளுக்கு ஒருமுறை சில்லறை கொடுத்திருக்க வேண்டும், அவள் ஒருமுறை தன் குடையைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்திருக்க வேண்டும். இன்னொரு தவறு இதற்கு நேர் எதிரானது. எல்லாம் சரியாக வந்திருக்கும்போது, கடைசியில் நம்பிக்கை இழந்து ஒரு பியானோவை வாசிக்க விடுவது. நான் தேடிக்கொண்டிருந்ததை வேறு யாரோ எடுத்து என் கையில் திணித்த மாதிரி இருக்கும்.

முகத்துக்கு நேரம் கொடுப்பதில் இன்னொரு பயனும் இருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ஃப் டிம்பெர்க், 1980-களில் தொடங்கி, முகத் தசைகளின் மீது மின்முனைகளை ஒட்டி அளந்தார். சிரித்த முகத்தின் படத்தைப் பார்த்தால் பார்ப்பவரின் கன்னத் தசையும், கோப முகத்தைப் பார்த்தால் புருவத் தசையும் மெல்ல இயங்கின. அரை வினாடிக்குள் இது நடந்துவிடுகிறது, கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாத அளவு சிறிய அசைவு. முகம் அசைந்தால் மனமும் அசையுமா என்பது நெடுங்கால விவாதம். 19 நாடுகளில் ஏறக்குறைய 3,900 பேரிடம் நடத்தி 2022-இல் வெளிவந்த ஆய்வு, புன்னகையைப் பாவனை செய்தால் மகிழ்ச்சி கொஞ்சம் கூடுகிறது என்று கண்டது. கொஞ்சம்தான்.

ஆனால் ஷாட் அதற்குள் மாறிவிட்டால் அந்தக் கொஞ்சமும் சேராது. கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கட்டிங் பழைய, புதிய ஆங்கிலப் படங்களை ஷாட் ஷாட்டாக அளந்தவர். அவர் கணக்கில் 1930 வாக்கில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் சுமார் 12 வினாடி, இப்போது அது இரண்டரை வினாடி அளவுக்கு வந்துவிட்டது. நான் பேசும் படங்களில் ஒரு முகம் இருபது வினாடி நிற்பது சாதாரணம். ஒருநாள் இரவு தனியாக அப்படி ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து விளக்கைப் போடும்போதுதான், என் உதடு கதாநாயகியின் உதட்டைப்போலவே ஒரு பக்கமாக இறுகியிருப்பதைக் கவனித்தேன். எவ்வளவு நேரமாக அப்படி இருந்ததோ.

ஆரவாரமான காதல் படங்கள் வேறு வழியில் வேலை செய்கின்றன. 1974-இல் உளவியலாளர்கள் டொனால்ட் டட்டனும் ஆர்தர் ஆரனும் கனடாவின் கேப்பிலானோ தொங்குபாலத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆற்றுக்கு மேலே சுமார் 70 மீட்டர் உயரத்தில் ஆடும் பாலம் அது. அதைக் கடந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டு, தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட 18 பேரில் 9 பேர் பிறகு அழைத்தார்கள். தாழ்வான, உறுதியான இன்னொரு பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான் அழைத்தார்கள். பயத்தில் துடித்த இதயத்தை அந்தப் பெண் மீதான ஈர்ப்பு என்று மனம் எடுத்துக்கொண்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். துரத்தலுக்கும் மழைப் பாட்டுக்கும் நடுவே வரும் முத்தம் ஏன் அவ்வளவு பரவசமாக இருக்கிறது என்று இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அந்தப் பரவசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாலத்தைவிட்டு இறங்கியதும் நெஞ்சு பழைய நிலைக்கு வந்துவிடும். பேருந்து நிறுத்தத்தில் ஆடும் பாலம் ஏதும் இல்லை. அங்கே வந்த துடிப்பு அவளுக்காக மட்டும் வந்தது.

என் அக்காவும் நானும் இப்படி ஒரு படத்தைச் சேர்ந்து பார்த்துவிட்டு அடுத்த நாள் வரை விவாதித்தோம். கடைசியில் அவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்பது அவள் முடிவு. பிரிந்துவிட்டார்கள் என்பது என் முடிவு. இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே திரையைத்தான் பார்த்தோம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆய்வாளர் யூரி ஹாசன் 2008-இல் வெளியிட்ட முடிவுகளைப் படித்தபோது அந்த விவாதம் நினைவுக்கு வந்தது. பலரை ஸ்கேனருக்குள் படுக்க வைத்துக் காட்சிகளைக் காட்டி, அவர்களின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, எந்த அளவுக்கு ஒரே மாதிரி இயங்குகிறது என்று அவருடைய குழு பார்த்தது. திகில் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சிக் கதை ஒன்றைப் பார்த்தபோது புறணியில் 65 சதவீதத்துக்கும் மேல் எல்லோருக்கும் ஒத்து இயங்கியது. ஒரு கௌபாய் படத்துக்கு 45 சதவீதம். தளர்வாக, இயல்பான பேச்சில் போகும் ஒரு நகைச்சுவைத் தொடருக்கு 18. ஒரு பூங்காவில் கேமராவைச் சும்மா வைத்து, வெட்டாமல் எடுத்த காட்சிக்கு 5-க்கும் கீழே.

ஹிட்ச்காக் எல்லா மூளைகளையும் கையைப் பிடித்து ஒரே வழியில் கூட்டிப்போகிறார், அது பெரிய திறமை. இந்தப் பட்டியலில் அமைதியான காதல் படம் இல்லை. இருந்திருந்தால் எண்ணிக்கை குறைவாகத்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம். குறைந்த ஒற்றுமை என்றால் படம் தோற்றது என்று பொருளில்லை என்று ஹாசன் குழுவே எழுதுகிறது. ஒவ்வொருவர் மூளையும் தீவிரமாக இயங்கிக்கொண்டே வெவ்வேறு திசையில் போயிருக்கலாம். அக்காவும் நானும் அப்படித்தான் போயிருப்போம்.

இவ்வளவும் படம் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைப் பற்றியது. சாதாரண மனிதர்கள் எதற்கு என்பதற்கு, அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் பல ஆண்டுகளாகத் தம்பதிகளைக் கவனித்துச் சேர்த்த விவரங்களில் எனக்கு ஒரு விடை கிடைத்தது. புதிதாகத் திருமணமானவர்கள் சேர்ந்து பொழுதைக் கழிப்பதை அவர் பதிவு செய்தார். "அங்க பாரு, அந்தப் பறவையை" என்று ஒருவர் சொல்கிறார். அது ஒரு சின்ன அழைப்பு. மற்றவர் நிமிர்ந்து பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். ஆறு ஆண்டுகள் கழித்தும் சேர்ந்து வாழ்ந்தவர்கள், அப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்குத் திரும்பிப் பார்த்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் திரும்பிப் பார்த்தது 33 சதவீதத்துக்கு. நிஜமான காதல் பெரும்பாலும் இந்த அளவில்தான் நடக்கிறது. ஆரவாரமான படத்தில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. சில்லறை, குடை, பாதி தூக்கிய கை என்று நகரும் படத்தில் இதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் இப்போது இருட்டிவிட்டது. இன்னொரு பேருந்தும் வந்து போய்விட்டது. அவர் மூச்சு வாங்க ஓடிவருகிறார்.

"பஸ் போயிடுச்சா?"

"ஆமா, இப்பதான் போச்சு."

கேமரா அவள் முகத்திலேயே நிற்கிறது. அவள் சாலையைப் பார்க்கிறாள். இரண்டு பேருந்துகளை அவள் போகவிட்டது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.