பணக்காரர்களுக்குக் கூடுதல் வரி: சட்டத்தில் இருப்பது என்ன, இடதுசாரிகள் கேட்பது என்ன?

2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் காங்கிரஸின் அயலகப் பிரிவுத் தலைவராக இருந்த சாம் பிட்ரோடா அமெரிக்காவின் வாரிசு வரியைப் பற்றிப் பேசினார். மேடைகள் பற்றிக்கொண்டன. காங்கிரஸ் வந்தால் பெற்றோர் விட்டுச்செல்லும் சொத்துக்கும் வரி போடும் என்றார் பிரதமர். அது பிட்ரோடாவின் சொந்தக் கருத்து, கட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று காங்கிரஸ் ஒதுங்கிக்கொண்டது. அதே தேர்தலில் சொத்து வரி, வாரிசு வரி இரண்டையும் தன் அறிக்கையிலேயே எழுதி வைத்திருந்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியை அந்தக் கூச்சலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கோரிக்கையை எடைபோட வேண்டுமானால், இப்போது பணக்காரர்களிடம் எந்த வழியில் கூடுதல் வரி வாங்கப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

அந்த வழியின் பெயர் சர்சார்ஜ். வருமானத்தின் மீது போடப்படுவதல்ல. வருமான வரியின் மீது போடப்படும் வரி. புதிய வரி முறையில், தனிநபரின் வரிக்குரிய வருமானம் 50 லட்சம் ரூபாயைத் தாண்டினால், கட்ட வேண்டிய வரியில் 10 சதவீதம் சர்சார்ஜ். 1 கோடியைத் தாண்டினால் 15 சதவீதம். 2 கோடிக்கு மேல் 25 சதவீதம். பழைய முறையிலேயே இருப்பவர்களுக்கு 5 கோடிக்கு மேல் இன்னொரு படி உண்டு: 37 சதவீதம். எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகை மீது 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ், அதாவது குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் கூடுதல் வரி.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒருவருடைய வரிக்குரிய வருமானம் 6 கோடி ரூபாய், மூலதன ஆதாயம் (பங்கு, சொத்து விற்ற லாபம்), டிவிடெண்ட் (நிறுவனம் பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு) எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 2025-26 விகிதப்படி புதிய முறையில் முதல் 24 லட்சத்துக்கு வரி 3 லட்சம். மீதமுள்ள 5 கோடியே 76 லட்சத்துக்கு 30 சதவீதம். அடிப்படை வரி 1,75,80,000 ரூபாய். அதில் 25 சதவீதம் சர்சார்ஜ் 43,95,000. இரண்டின் மீதும் செஸ் 8,79,000. மொத்தம் 2,28,54,000 ரூபாய். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லையைச் சற்றே தாண்டியவர் ஏமாந்துபோகக் கூடாது என்பதற்கு விளிம்புச் சலுகை என்று ஒன்று இருக்கிறது. சரியாக 50 லட்சம் வருமானத்துக்கு, செஸ் நீங்கலாக, வரி 10,80,000. வருமானம் 10,000 ரூபாய் கூடினால் சர்சார்ஜோடு 11,91,300 ஆகிவிடும். பத்தாயிரம் சம்பாதிக்கப் போய் ஒரு லட்சத்துக்கு மேல் இழப்பதா? கூடுதல் வரி கூடுதல் வருமானத்தைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. ஆகவே அவர் கட்ட வேண்டியது 10,90,000, அதன் மேல் செஸ்.

இனி அதே 6 கோடி வேறு வழியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்தின் உரிமையாளர் ஓராண்டுக்கு மேல் கையில் வைத்திருந்த, சந்தையில் பட்டியலான பங்குகளை விற்று லாபம் பார்க்கிறார். நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம், 2024 ஜூலை முதல் இதுதான் விகிதம். ஆண்டுக்கு முதல் 1.25 லட்சம் ரூபாய்க்கு வரியே கிடையாது. இந்த வருமானத்துக்கான சர்சார்ஜ் 15 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. எல்லாம் சேர்த்து 14.95 சதவீதம். சம்பளமாக வாங்கியவருடைய கடைசி ரூபாய்க்கு 39 சதவீதம், பங்கை விற்றவருக்கு அதில் பாதிகூட இல்லை. பங்கை விற்காமலே வைத்திருந்தால், அதன் விலை எத்தனை மடங்கு ஏறினாலும் வரி இல்லை. நிறுவனத்தின் லாபத்துக்கும் 2019 செப்டம்பரில் விகிதம் குறைக்கப்பட்டது. சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு இப்போது ஏறத்தாழ 25.17 சதவீதம். பெரும் பணக்காரர்களின் செல்வம் பெரும்பாலும் பங்குகளாகவே இருக்கிறது, சம்பளமாக அல்ல. ஆகவே ‘கோடீஸ்வரர் வரி’ என்று நாம் சொல்லும் சர்சார்ஜின் முழு வேகம் விழுவது உயர் சம்பளக்காரர்கள், தொழில்முறை வல்லுநர்கள் போன்றோர் மீதுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2019 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் 2 கோடிக்கு மேல் 25, 5 கோடிக்கு மேல் 37 என்று சர்சார்ஜை உயர்த்தினார். உச்ச விகிதம் 42.744 சதவீதமானது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குகளை விற்று வெளியேறத் தொடங்கியதும், பங்கு ஆதாயத்துக்கான உயர்வு ஆகஸ்ட் மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. 2023 பட்ஜெட்டில் புதிய முறையினருக்கு 37 சதவீதம் 25 ஆனது.

முன்பு இருந்த வரிகள்

வாரிசு வரி இந்தியாவுக்குப் புதிதல்ல. 1953இல் எஸ்டேட் தீர்வைச் சட்டம் வந்தது. இறந்தவரின் சொத்து மதிப்புக்கு ஏற்ப விகிதம் ஏறிக்கொண்டே போகும். உச்சத்தில் 85 சதவீதம் வரை இருந்தது. 1985இல் ராஜீவ் காந்தி அரசின் நிதியமைச்சர் வி.பி. சிங் அதை ஒழித்தார். ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாய்தான் தேறுகிறது, வசூலிக்கும் செலவு அதிகம், சொத்து வரி என்று ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது ஒரே சொத்துக்கு இரண்டு சட்டங்கள் எதற்கு என்பது அவர் சொன்ன காரணம்.

அந்தச் சொத்து வரி 1957இல் வந்தது. பிரிட்டன் பொருளாதார அறிஞர் நிக்கலஸ் கால்டரின் பரிந்துரைகளை ஒட்டி, அப்போதைய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி கொண்டுவந்தது. வீட்டுக்கு மாநகராட்சி வாங்கும் வரியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது ஒருவருடைய மொத்த நிகரச் சொத்தின் மீதான மத்திய வரி. வரிச் சீர்திருத்தத்துக்கான ராஜா செல்லையா குழுவின் பரிந்துரையை அடுத்து 1993 முதல் பங்குகள், வங்கி வைப்புகள் போன்றவை அதிலிருந்து நீக்கப்பட்டன. நகை, கார், நகர்ப்புறக் காலிமனை, கூடுதல் வீடு என்று ‘உற்பத்திக்கு உதவாத’ சொத்துகள் மட்டும் மிஞ்சின. கடைசிக் காலத்தில் 30 லட்சத்துக்கு மேலான மதிப்புக்கு 1 சதவீதம். விளைவு விசித்திரமானது. 500 கோடி ரூபாய்ப் பங்குகளும் குடியிருக்க ஒரு வீடும் உள்ளவருக்குச் சொத்து வரி பூஜ்யம்; நகரத்தில் காலிமனையும் கொஞ்சம் நகையும் சேர்த்து வைத்தவர் படிவம் நிரப்ப வேண்டும்.

2015 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி இந்த வரியை நீக்கினார். 2013-14இல் இதன் வசூல் 1,008 கோடி ரூபாய்தான். இதற்கு மாற்றாக, 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குச் சர்சார்ஜ் 2 சதவீதப் புள்ளிகள் கூட்டப்பட்டது; அதில் சுமார் 9,000 கோடி கிடைக்கும் என்று அவர் கணக்குச் சொன்னார். வசூல் ஒன்பது மடங்கு, நிர்வாகத் தலைவலி குறைவு. மத்திய அரசுக்கு நல்ல பேரம்தான். மாநிலங்களுக்கு?

அரசமைப்புச் சட்டத்தின் 270ஆவது பிரிவு மத்திய வரிகளை மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளச் சொல்கிறது. ஆனால் சர்சார்ஜும் செஸ்ஸும் அந்தப் பகிர்வுக்கு வெளியே. 271ஆவது பிரிவின்படி சர்சார்ஜ் முழுக்க மத்திய அரசின் கஜானாவுக்கே. சொத்து வரி பகிர்வுக்கு உட்பட்டது. அதன் இடத்துக்கு வந்தது அப்படியல்ல.

இப்போது அந்த 6 கோடிக்காரரின் கணக்குக்குத் திரும்பலாம். 2,28,54,000 ரூபாயில் பகிர்வுக்கு வருவது அடிப்படை வரியான 1,75,80,000 மட்டும். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்த 52,74,000 ரூபாயில், அதாவது மொத்த வரியில் சுமார் 23 சதவீதத்தில், மாநிலங்களுக்குச் சல்லிக் காசு கிடையாது. பகிரும் தொகையில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்றது, வரிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக் குழு. அந்தக் குழுவின் கணக்கில், அந்த 41இல் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. மாநிலங்களுக்கான 41 சதவீதத்தை 50ஆக உயர்த்துங்கள் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் 2024 நவம்பரில் 16ஆவது நிதிக் குழுவிடம் கேட்டார். பங்கைக் கூட்டினால் மட்டும் போதாது. பங்கு போடும் தொகையே சுருங்காமல் இருக்க வேண்டும்.

இடதுசாரிகள் கேட்பது

2025 மத்திய பட்ஜெட்டுக்குப் பிறகு இடதுசாரிக் கட்சிகள் கூட்டாக மாற்று யோசனைகளை வெளியிட்டன. முதல் கோரிக்கை, நூறு கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள, நாட்டின் 200 பில்லியனர்கள் மீது 4 சதவீதச் சொத்து வரி, கூடவே நிறுவன வரி உயர்வு. அந்த நிதியை வேலையுறுதித் திட்டம், ரேஷன், கல்வி, சுகாதாரம் ஆகியவற்றில் செலவிடுவது, மாநிலங்களுக்கான நிதியைக் கூட்டுவது என்று பட்டியல் நீள்கிறது.

இதன் பலம், குறி குறுகலாக இருப்பது. காலிமனைக்காரரையும் நகைக்காரரையும் துரத்திய பழைய சட்டத்துக்கு நேர்மாறாக, பங்குச் செல்வத்தின் உச்சியை மட்டும் தொடுகிறது. பட்டியலான பங்குக்கு அன்றாடம் சந்தை விலை இருக்கிறது; மதிப்பிடுவது எளிது. சிக்கல் பட்டியலாகாத நிறுவனங்களிலும், அறக்கட்டளைகளின் பெயரில் வைக்கப்படும் சொத்துகளிலும், வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்துவிடும் முதலாளிகளிடமும் இருக்கிறது. 4 சதவீதம் என்பதும் சாதாரண விகிதமல்ல. டிவிடெண்ட் அதைவிடக் குறைவாக வந்தால், வரி கட்டுவதற்காகவே ஆண்டுதோறும் பங்குகளை விற்க வேண்டியிருக்கும். அப்படி விற்க வைப்பதே நோக்கம் என்று ஆதரவாளர் சொல்லலாம். நிறுவனங்களின் கட்டுப்பாடு யார் கைக்குப் போகும் என்று எதிர்ப்பாளர் கேட்கலாம். இரண்டுமே நியாயமான வாதங்கள்.

விவசாய நிலத்தைப் பற்றிய பயத்துக்கு எஸ்டேட் தீர்வை விஷயத்தில் இடமில்லை. மத்திய அரசின் அதிகாரங்களைச் சொல்லும் மத்தியப் பட்டியலில், அந்தத் தீர்வையிலிருந்து விவசாய நிலம் விலக்கப்பட்டே இருக்கிறது. விவசாய நிலத்துக்கான எஸ்டேட் தீர்வை மாநிலப் பட்டியலில் உள்ளது. சொத்து வரி அப்படியல்ல: அதில் விவசாய நிலத்தைச் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்றைய நிலையில் வாரிசாகக் கிடைக்கும் சொத்துக்கும், சட்டம் வரையறுத்த உறவினர் தரும் அன்பளிப்புக்கும் வருமான வரி இல்லை. அந்தச் சொத்திலிருந்து வாடகையோ வட்டியோ வந்தால், அல்லது அதை விற்று ஆதாயம் பார்த்தால்தான் வரி.

எந்தக் கட்சி நாளை ‘பெரும் பணக்காரர் வரி’ என்று மசோதா கொண்டுவந்தாலும், அது தனி வரியாக வருகிறதா, இன்னொரு சர்சார்ஜாக வருகிறதா என்பதைப் படித்துப் பாருங்கள். தனி வரி என்றால் தமிழ்நாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. சர்சார்ஜ் என்றால் இல்லை.